விழுந்த இயந்திரத்தைப் பேசவைத்த திருமதி இரஞ்சிதம் யோகேந்திரன் அவர்களுக்கு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரியவரே! பொறிகளின் போக்கறிந்து பொறுமையால் வென்றவரே! மகாவலி வளைந்தோடும் குண்டசாலைக் கரையில், எங்கள் மகாவலிக்கரை மருத்துவமனையின் கணினிக் கூடத்தைக் கண்ணின் இமையெனக் காத்த காவலரே! யாழ்ப்பாணத்து உடுவிலில் பிறந்து, பேராதனையில் கணிதம் கற்று, கணக்குப் பிரிவின் கடைசி மேசையில் பணிதொடங்கி, முதற் கணினி மரப்பெட்டியில் வந்திறங்கிய நாளில் அதன் ஆணியைப் பிடுங்கியவரே! எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் குடியிருந்த வாடகை வீடு கருகிப்போக, முகாமிலிருந்து புகை மணக்கும் சேலையோடு வேலைக்குத் திரும்பி, ஒருவரிடமும் ஒரு சொல் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தவரே! வணக்கம்.

பணி ஓய்வு நாளில் வாசிக்கும் இத்தகைய மடலில் பண்புகளை அடுக்கி, பதவிகளைத் தொடுத்து, பார்ப்போர் கண்ணுக்குப் பட்டாடைபோல் விரித்துக் காட்டுவது வழக்கம். நாங்களும் அப்படி எழுத உட்கார்ந்தோம், எழுத வரவில்லை. எங்கள் எல்லோர் நெஞ்சிலும் ஒரே ஒரு சம்பவம் கல்லாய்க் கிடக்கிறது. சபையில் இருப்போரில் பலருக்கு அது முழுதாகத் தெரியாது. தெரிந்தவர்களும் வெளியே பேசுவதில்லை. ஆகையால், உங்களை முன்னே இருத்திக்கொண்டு, உங்களைப் பற்றியே சபைக்குக் கதை சொல்லத் துணிகிறோம். பொறுத்தருள வேண்டும்.

சண்டை மறுபடி மூண்ட காலம் அது. மருத்துவமனையின் நோயாளர் விபரமும், ஆய்வுகூட முடிவும், இரத்தக் களஞ்சியத்தின் கையிருப்பும் ஒரே பிரதான கணினியில் இருந்தன. திருமதி இரஞ்சிதம் அந்தப் பிரிவின் தலைவி. அவருக்குக் கீழே முனாப், பாலாம்பிகை, அழகமுத்து ஆகியோர் வேலை செய்தார்கள். அழகமுத்து ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்து, கண்டியில் தொழில்நுட்பம் படித்து, அப்போதுதான் கலியாணம் முடித்திருந்தவர். மாலையானதும் அன்றைய தகவல் அனைத்தையும் காந்த நாடாவில் பதிந்து, நாடாவைக் கழற்றி, தீப்பிடிக்காத அலுமாரியில் வைத்துப் பூட்டுவது அவருடைய பொறுப்பு.

அந்தப் பிரதான கணினி சொல்லாமல் கொள்ளாமல் விழத் தொடங்கியது. திரை உறைந்துவிடும், மறுபடி எழுப்பி நிறுத்த நெடுநேரம் பிடிக்கும். ஏன் விழுந்தது என்பதற்கு ஒரு தடயமும் இராது. நகருக்குள் குண்டு வைக்கப் போகிறார்கள் என்று கதை பரவிய வாரத்தில் அது மறுபடி விழுந்தது. அன்று சத்திரசிகிச்சை மேசையில் கிடந்த ஒரு தாய்க்கு எந்த வகை இரத்தம் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று பார்க்க முடியாமல் தாதியர் ஓடித் திரிந்தார்கள். அந்தத் தாய் மயிரிழையில் தப்பினார். ஆனால் பயம் ஓர் ஆளைத் தேடியது. யாரோ பணிமுறைப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்கள். விழுந்த ஒவ்வொரு தடவையும் கடமையில் இருந்தவர் அழகமுத்து.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் அவரைப் பொலிஸார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "விசாரித்துவிட்டு விடுவோம்" என்றார்கள். விடவில்லை.

அதன்பின் கணினி விழவில்லை.

வாரங்கள் போயின, ஒருதரமும் விழவில்லை. "இப்ப விளங்குதுதானே?" என்று சிற்றுண்டிச்சாலையில் பேசிக்கொண்டார்கள். சிங்களவர் மட்டுமல்ல, தமிழரும் பேசினார்கள். அழகமுத்துவோடு ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவர்களும் பேசினார்கள். இரஞ்சிதம் அம்மையாருக்கு மட்டும் அந்த இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும் சத்தத்தைக் கேட்கப் பொறுக்கவில்லை. வீட்டில் கணவர் யோகேந்திரன் மாஸ்டர் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை மாஸ்டரே பின்னர் எங்களிடம் சொன்னார்.

"அது விழாமல் ஓடுற ஒவ்வொரு நாளும் அந்தப் பெடியனுக்கு எதிரான சாட்சி. வேலையிலை இருக்கிறவைக்கு மெசின் ஓடினால் சந்தோசம். எனக்கு வயிறு எரியுது."

ஒரு பிற்பகல் அவர் தன்னைத்தானே ஒன்று கேட்டுக்கொண்டார். அழகமுத்து போனதோடு இந்தக் கூடத்தில் வேறு என்ன நின்றுபோயிற்று? கேட்ட கையோடு விடை வந்துவிட்டது. நாடா. அலுமாரியின் சாவியை விசாரணைக்காரர் கொண்டுபோய்விட்டதால், முனாப் தகவல்களை வேறொரு கணினியின் வன்வட்டிலேயே பதிந்துகொண்டிருந்தார். அழகமுத்து போனபின் ஒருவரும் நாடாவைத் தொட்டதே இல்லை.

சந்தேகம் வந்தால் போதாது, சாட்சி வேண்டும். இயங்குதளம் நிலைகுலைந்து விழும் நொடியில், நினைவகத்தில் இருந்த அத்தனையையும் அப்படியே படியெடுத்து வைக்க ஒரு வழி உண்டு. தொழிலில் இருப்போர் அந்தப் படியை 'டம்ப்' என்பார்கள். அதைத் திறந்து வாசித்தால், கடைசி நொடியில் எந்த நிரல் எங்கே கைவைத்தது என்று தெரியும். வழமையாக அது சொந்த வட்டிலேயே பதிவாகும். எங்கள் கணினியிலோ வட்டும் நாடாவும் ஒரே மின்னணு அட்டையில் தொங்கின. அந்த அட்டையே குழம்பிவிட்டால் வட்டில் எழுத வழியில்லை. ஆகவே, விழுந்த கணினிக்குள் ஒதுங்கியிருக்கும் இன்னொரு சிறிய இயங்குதளம் எழுந்து, அந்தப் படியை நெட்வேர்க் வழியாக அடுத்த கட்டடத்துக் கணினிக்கு அனுப்பும்படி அம்மையார் முன்னரே ஒழுங்கு செய்திருந்தார். ஆனால் விழுந்த எந்தத் தடவையும் அங்கே ஒன்றும் வந்து சேர்ந்ததில்லை. ஏனென்று பார்ப்பதற்குள் அழகமுத்துவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

இனி அறிய ஒரே வழிதான் இருந்தது. கணினியை விழுத்த வேண்டும். யுத்த காலத்தில், கண்டியில், ஒரு தமிழ்ப் பெண் மருத்துவமனைக் கணினியை வேண்டுமென்றே விழுத்த வேண்டும்.

மாஸ்டர் தடுத்தார். "இரஞ்சி, நீர் அதை விழுத்தினால் உம்மையும் கொண்டுபோவாங்கள். ஒருக்கா எரிஞ்சது போதாதே? எங்களுக்கு ஏன் இந்த வில்லங்கம்?"

"எனக்கும் பயமாத்தான் கிடக்கு. பயமில்லை எண்டு நான் சொல்லேல்லை. ஆனா இதைக் கண்டுபிடிக்கக் கூடிய ஆள் நான்தான் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

அவர் மருத்துவமனைப் பணிப்பாளரிடம் போனார். பணிப்பாளர் நல்ல மனிதர், அவரும் பயந்தார். பட்டப்பகலில், எல்லோர் முன்னிலையிலும், விசாரணை அதிகாரியை அருகில் வைத்துக்கொண்டே செய்வதாக அம்மையார் சொன்னபின் இணங்கினார். அன்று காலை எல்லாப் பிரிவுகளும் கடதாசிக்கு மாறின. இரத்தக் களஞ்சியத்தின் கையிருப்பைப் பாலாம்பிகை கரும்பலகையில் எழுதிவைத்தார்.

அதிகாரி அலுமாரிச் சாவியோடு வந்து கதிரையில் அமர்ந்தார். முனாப் அம்மையாரின் அருகே போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மெடம், நீங்க வாணாம். நான் போடுறன் டேப்ப. என்ட முஸ்லிம் பேருக்கு அவங்க அவ்வளவு கோவப்பட மாட்டாங்க."

"உமக்குச் சின்னப் பிள்ளையள். தள்ளி நில்லும்" என்றார் அம்மையார்.

அவர் நாடாவைச் செருகினார், பதிந்தார், கழற்றினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி செருகினார். அதிகாரி கொட்டாவி விட்டார். இன்னொரு முறை கழற்றியபோது திரை உறைந்தது. முனாப் அடுத்த கட்டடத்துக்கு ஓடினார். திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அங்கே ஒன்றும் வந்து சேரவில்லை.

அதிகாரி எழுந்தார். சிங்களத்தில், கோபமே இல்லாமல் சொன்னார்: "ஆக, இதை எப்படி விழுத்துவதென்று இப்போது இரண்டு பேருக்குத் தெரியும்."

அம்மையாரின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கண்டியை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். ஒரு நாள் முழுதும் ஒரு மர வாங்கில் இருத்தி, கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்டார்கள். இவையெல்லாம் நாங்கள் பின்னர் அறிந்தவை. மறுநாள் காலை வந்தவர், "தேத்தண்ணி இருக்கே?" என்று கேட்டுவிட்டுத் தம் மேசைக்குப் போனார்.

பிரதான கணினியைத் தொட அவருக்குத் தடை. பல்லேகலையில் எங்கள் களஞ்சிய அறையில் அதே வகைப் பழைய கணினி ஒன்று தூசு படிந்து கிடந்தது. அதை முனாப்பும் அவருமாக முச்சக்கர வண்டியில் ஏற்றி வந்தார்கள். அதற்குள்ளும் அந்தச் சிறிய இயங்குதளத்தைப் பிரதான கணினியில் இருந்தது போலவே வைத்து, சாகும் நேரத்தில் அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேறொரு திரையைத் தனிக் கம்பியால் இணைத்து, கட்டளை கொடுத்து அதை விழுத்தினார்கள். விழுத்துவதும் எழுப்புவதுமாக நாட்கள் போயின.

முதற் தடையை அம்மையார் அந்தத் திரையில் பிடித்தார். விழுந்த கணினிக்குள் சிறிய இயங்குதளம் எழுந்ததும், நெட்வேர்க்கை நோக்கி ஒருதரம் கூப்பிட்டது, பதில் இல்லை, கைவிட்டு அடங்கியது. நெட்வேர்க் பெட்டியோ, புதிதாக ஒரு கணினி எழுந்தால், சற்றுத் தாமதித்தே கதவைத் திறக்கும் வழக்கம் உடையது. கதவு திறக்குமுன் தட்டிவிட்டு அது செத்துப்போயிருக்கிறது, ஒவ்வொரு தடவையும். பொறுத்திருந்து கூப்பிடும்படி அம்மையார் அதற்குச் சொல்லிக் கொடுத்தார்.

மறுபடி விழுத்தினார்கள். இம்முறை கதவு திறந்தது; ஆனால் அடுத்த கட்டடத்துக் கணினி அதை உள்ளே விடவில்லை. யாரென்று தெரியாதென்று திருப்பி அனுப்பியது. அம்மையார் அந்த வரியைக் காட்டி, "முனாப், எப்ப நாங்கள் கடவுச்சொல் எல்லாம் மாத்தினது?" என்று கேட்டார்.

"அழகமுத்துவக் கொண்டு போன அடுத்த நாள், மெடம். அவங்கதானே மாத்தச் சொன்னது."

சிறிய இயங்குதளம் தன்னோடு வைத்திருந்தது பழைய கடவுச்சொல். அதை யாரும் மாற்றவில்லை. அழகமுத்துவைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சிக்கு, அழகமுத்துவுக்குப் பயந்து பூட்டிய கதவே குறுக்கே நின்றது. அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அவர் அழுததை நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பணிப்பாளரிடம் மறுபடி கேட்க அவருக்கு நா எழவில்லை. ஆனாலும் கேட்டார். இன்னொருதரம் இல்லை, இதுவே கடைசி என்று பணிப்பாளர் சொன்னார். மறுபடி கடதாசி, மறுபடி கரும்பலகை, மறுபடி அதே அதிகாரி. அம்மையார் புதிய கடவுச்சொல்லோடு எல்லாவற்றையும் திரும்பக் கட்டி முடித்திருந்தார். நாடாவைச் செருகிக் கழற்றினார். அன்று இயந்திரம் விழ மறுத்தது! செருகினார், கழற்றினார், செருகினார். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. அதிகாரி எழுந்து தொப்பியை எடுத்த வேளையில் திரை உறைந்தது.

அடுத்த கட்டடத்திலிருந்து முனாப் தொலைபேசியில் கத்தினார்: "வருது மெடம்! வந்துகொண்டே ஈக்கிது!"

அந்தப் படியை அம்மையார் தாமே திறந்து வாசித்தார். நாடாவைக் கழற்றும்போது, நாடா இயக்கியின் நிரல், தான் ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத் துண்டில் மறுபடி கைவைக்கிறது. அந்தத் துண்டை அதற்குள் வேறு வேலை எடுத்துவிட்டிருந்தால் இயங்குதளம் விழுகிறது, எடுக்காவிட்டால் தப்புகிறது. எந்தக் கை கழற்றினாலும் இதே கதிதான். படியை வெளிநாட்டிலுள்ள தயாரிப்பாளருக்கு அனுப்பினார். தவறு தங்களுடையதே என்று ஒப்புக்கொண்டு, திருத்திய நிரலோடு பதில் வந்தது; அதை அம்மையார் கணினியில் ஏற்றினார்.

இத்தோடு கதை முடிந்ததென்று நாங்கள் பாற்சோறு பொங்கினோம். முடியவில்லை. அழகமுத்து அதற்குள் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்திருந்தார். அவரால் வாசிக்க முடியாத மொழியில் அது எழுதப்பட்டிருந்தது. அம்மையார் நினைவகமென்றால் என்ன, நிரலென்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி முழுவதையும் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். வழக்கறிஞரின் வாசலில் காத்திருந்தார். நீதிமன்ற மரத்தடியில் அழகமுத்துவின் மனைவி சுந்தரியோடு நின்றார். தவணைமேல் தவணை போட்டார்கள். அழகமுத்து விடுதலையானபோது மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வந்திருந்தது.

அழகமுத்து வேலைக்கு வரவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, அம்மையாரும் முனாப்பும் தெல்தெனிய வழியாகப் பஸ் ஏறி ஹுன்னஸ்கிரியவுக்குப் போனார்கள். "வாங்க மெடம், உக்காருங்க" என்று சுந்தரி கதிரை போட்டார். அழகமுத்து உட்காரவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். தேநீர் ஆறியபின் கேட்டார்.

"மெடம், நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. நான்தானே விழுத்துனேன்?"

அம்மையார் கதிரையை அவர் பக்கம் திருப்பினார். "என்ன கதை கதைக்கிறீர்? அது நிரலிலை இருந்த பிழையெண்டு கோர்ட்டிலையே சொல்லிப்போட்டினமே."

"இல்லீங்க. டேப்ப நான்தானே கழட்டுனேன். கழட்டுனப்பதானே விழுந்துச்சு. அவங்க கேட்டுக் கேட்டு... எனக்கே இப்ப தெரியல. நான் எதையோ செஞ்சுதான் இருக்கணும்."

அம்மையார் கொண்டுபோன தாள்களை விரித்து வரிவரியாக விளக்கினார். அழகமுத்து ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். "ஆமாங்க. ஆமாங்க." அந்தத் தலையாட்டலை அவர் விசாரணைக்காரரிடம் படித்திருக்கிறார் என்று அம்மையாருக்கு மெல்ல விளங்கியது. அவர் தாள்களை மடித்து வைத்துவிட்டார்.

"நீர் வாரும்" என்றார். "வேலைக்கு வர வேண்டாம். ஒருக்கா வந்து, உம்மடை கையாலை கழட்டிப் பாரும்."

அவர் வரவில்லை. அம்மையார் மறுபடி போனார், அதன்பின்னும் போனார். கறிவேப்பிலையும் பாணும் வாங்கிக்கொண்டு, வேலை விடயம் ஒன்றும் பேசாமல், சுந்தரியோடு கதைத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். திருப்பிக் கிடைத்த அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, சோதனைச் சாவடிகளைக் கடந்து போய்வந்தார்.

கடந்த மாதம் ஒரு நாள் அழகமுத்து வந்தார். வாசற் காவலாளி உடலைத் தடவிச் சோதித்தபோது கைகளை உயர்த்தியவர், சோதனை முடிந்தபின்னும் இறக்க மறந்து நின்றார். முனாப் போய்த் தோளைப் பிடித்துக் கூட்டி வந்தார். கூடத்தில் அவருடைய பழைய கதிரையில் பாலாம்பிகை இருந்தார். எழுந்து இடம் விட்டார். அழகமுத்து அமரவில்லை. கணினியின் முன் போய் நின்று நெடுநேரம் பார்த்தார். நாடாவைச் செருகினார். பதிந்து முடியும்வரை பொறுத்தார். கழற்றினார். திரை உறையவில்லை.

"நிக்கிது" என்றார்.

"ஓம். நிக்கும்" என்றார் அம்மையார்.

"இன்னொரு தரம் பாக்கவா மெடம்?"

"பாரும்."

மறுபடி செருகினார், கழற்றினார், கணினி விழாமல் நின்றது. மறுபடியும் செய்தார். இன்னும் ஒரு தரம் என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போதும் என்று சொல்ல முனாப் வாயெடுத்தார். அம்மையார் கையால் தடுத்தார். தம் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அழகமுத்துவின் பக்கத்தில் அமர்ந்தார். பிற்பகல் முழுவதும் அழகமுத்து செருகிக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருந்தார். ஒவ்வொரு தடவையும் "நிக்கிது" என்றார். ஒவ்வொரு தடவையும் அம்மையார், "ஓம், நிக்குது" என்றார். ஹந்தானை மலைப்பக்கம் வெளிச்சம் மங்கத் தொடங்கியபின்தான் அழகமுத்து கையை எடுத்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்ப வேலைக்கு வரவில்லை. இனியும் வரமாட்டார்.

எங்கள் தலைவியே! தரவுகளைக் காத்தீர்கள், தகவல்களைக் காத்தீர்கள் என்று பாராட்ட வந்த இடத்தில் எங்கள் தலை தாழ்கிறது. உங்களைப்போல் எங்களில் ஒருவரேனும் முதல் நாளிலேயே வாய்திறந்திருந்தால் என்ற எண்ணம், இந்தச் சந்தன மாலையின் வாசனைக்கும் பொன்னாடையின் பளபளப்புக்கும் மேலே நின்று எங்களைப் பார்க்கிறது. அறிவைப் பலர் பெறுவர். அதை அச்சத்தின் முன் நிறுத்திப் பேசவைக்கும் ஆற்றலைச் சிலரே பெறுவர்! பிழையைக் கண்டுபிடிப்போர் உண்டு. பிழையில்லாதவன் அதை நம்பும்வரை அவன் அருகே அமர்ந்திருப்போர் அரிது!

நோய் அணுகாமல், நோவு தொடராமல், மாஸ்டரும் நீங்களும் மாலை நடையில் மகாவலிக் கரையோரம் உலாவி வாழ்க! பையைத் திறக்கச் சொல்வாரும் அட்டையை நீட்டச் சொல்வாரும் இல்லாத வீதிகளில் நீங்கள் நடக்கும் நாள் விரைந்து வருக! உடுவிலுக்குப் போகும் பாதை திறந்து, பிறந்த மண்ணை ஒருதரமேனும் நிம்மதியாய் மிதித்து மீள்க! நித்திரை உங்களுக்கு நிறைவாய் வாய்க்கட்டும். அழகமுத்துவுக்கும் வாய்க்கட்டும்.

நீங்கா நன்றியுடன்,
முனாப், பாலாம்பிகை
மற்றும் கணினிப் பிரிவு ஊழியர்கள்,
மகாவலிக்கரை மருத்துவமனை,
குண்டசாலை, கண்டி.
மார்கழி, 2008